சிதம்பரமா, காலாப்பட்டா? கடலூர்ப் பிள்ளைகளின் பட்டப்படிப்புக் கணக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தெற்கே போனால் ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் சிதம்பரம், அதாவது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். வடக்கே 20 சொச்சம் கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கிருந்து இன்னும் 12 கிலோமீட்டர் போலப் போனால் காலாப்பட்டு, புதுவைப் பல்கலைக்கழகம். பிளஸ் டூ ரிசல்ட் வருகிற வாரத்தில் இந்த இரண்டு பெயரும்தான் வீட்டுக்கு வீடு ஓடும். "சார், அது சென்ட்ரல் யுனிவர்சிட்டியாமே, அப்ப அதுதானே பெருசு?" என்று கேட்கிற அப்பாக்கள் உண்டு. "எங்க அண்ணன் அண்ணாமலையிலதான் படிச்சாரு, பாப்பாவையும் அங்கேயே போட்டுடலாம்" என்கிற அம்மாக்களும் உண்டு. இந்தப் பேச்சில் பாப்பா படிக்கப்போகிற பாடத்தின் பெயர் கடைசிவரை வராது.

பாடத்தை முதலில் முடிவு செய்தால் பல வீடுகளில் இந்தக் கேள்வியே எழாது. வேளாண்மையோ தோட்டக்கலையோ படிக்க வேண்டும் என்றால் சிதம்பரம்தான். காலாப்பட்டு வளாகத்தில் அது கிடையாது. இளங்கலை அளவில் இசை என்றாலும் சிதம்பரம். தமிழிசை இயக்கம் வேர்விட்ட இடம் அது. பொறியியல் ஆசைப்படுபவர்கள் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிடலாம், அதற்குக் கவுன்சலிங், கட்-ஆஃப் என்று கணக்கே வேறு. போகிற போக்கில் ஒன்று: காலாப்பட்டுப் பக்கம் பிள்ளைச்சாவடியில் இருக்கிற புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பழைய பாண்டிச்சேரி இன்ஜினீயரிங் காலேஜ், 2020இல் பெயரும் தகுதியும் மாறியது. அதையும் புதுவைப் பல்கலைக்கழகத்தையும் ஒன்றென்று நினைத்து விண்ணப்பத்தைத் தேடுகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கலாம்.

ஆக உண்மையான போட்டி இயற்பியல், வேதியியல், கணிதம், புள்ளியியல், பொருளாதாரம், வரலாறு, சமூகவியல் போன்ற பாடங்களுக்குத்தான். இவற்றைப் பற்றி மட்டும் பேசுவோம்.

அண்ணாமலை 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கியது. அதற்கு முன்பே 1920இல் அவர் ஆரம்பித்த மீனாட்சி கல்லூரிதான் அதன் கரு. நெடுஞ்செழியனும் அன்பழகனும் மாணவர்களாக நடந்த வளாகம். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் ராசேந்திரன் என்ற மாணவர் உயிர்விட்ட மண். இந்தப் பெருமையெல்லாம் சரி, இன்றைக்குச் சேரப்போகிற பிள்ளைக்கு அதைவிட முக்கியமான ஆண்டு 2013. அளவுக்கு மீறி ஆள் சேர்த்து, சம்பளம் போட முடியாத நெருக்கடிக்குப் போன பல்கலைக்கழகத்தை அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. மிகைப் பணியாளர்கள் என்று கணக்கெடுத்து, ஆசிரியர்கள் பலரை மற்ற அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பினார்கள். சில துறைகள் இன்றும் நிறைவாக இருக்கின்றன. சில துறைகளில் கட்டடம் பெரிதாகவும் ஆள் குறைவாகவும் இருக்கும். எது எப்படி என்பது துறைக்குத் துறை மாறும்.

புதுவை 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. சென்ட்ரல் என்றால் பணமும் விதியும் தில்லியிலிருந்து வருகிறது என்று பொருள். வகுப்பில் பாடம் நன்றாக நடக்கும் என்று அதற்குப் பொருள் கிடையாது; மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் காலிப் பணியிடம் தீராத நோய்தான். ஆனால் காலாப்பட்டு நெடுங்காலம் முதுகலையையும் ஆராய்ச்சியையும் மையமாக வைத்தே வளர்ந்தது. இளங்கலை வகுப்புக்குப் பக்கத்து அறையிலேயே பிஎச்.டி. மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆராய்ச்சி என்றால் என்ன என்று 18 வயதில் கண்ணால் பார்க்கிற வாய்ப்பு அது. ஆனந்தரங்கப் பிள்ளை பெயரில் உள்ள நூலகமும் பெரிது. வகுப்பில் கேரளப் பிள்ளைகள் கணிசமாக இருப்பார்கள். ஆந்திரா, ஒடிசா, பீகார் என்று மற்றவர்களும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வருகிற நம் பிள்ளை முதல் செமஸ்டரில் திணறும், இரண்டாவதில் பேசும். திணறலைத் தாங்குமா என்பதைப் பெற்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி நுழைவாயில். இங்கேதான் இரண்டும் அடியோடு வேறு.

அண்ணாமலையில் கலை, அறிவியல் படிப்புகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கை. ரிசல்ட் வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்கிறது. காலாப்பட்டுக்கு 2022 முதல் க்யூட் (CUET) என்கிற அகில இந்தியப் பொது நுழைவுத் தேர்வு. அதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ பொதுத்தேர்வுப் பரபரப்பிலேயே, சில வருஷம் அதற்கும் முன்னாலேயே, திறந்து மூடிவிடும். ரிசல்ட் பார்த்துவிட்டுக் காலாப்பட்டைப் பற்றிப் பேசத் தொடங்குகிற வீட்டுக்கு அந்த ஆண்டு கதவு அடைபட்டாயிற்று. கடலூர்ப் பக்கம் பெரும்பாலோர் தோற்பது மதிப்பெண்ணில் கிடையாது, இந்தத் தேதியில்.

தேர்வு கம்ப்யூட்டரில். 2025இல் வந்த மாற்றத்தின்படி ஒரு பாடத்துக்கு 50 கேள்வி, 60 நிமிடம், எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். சரியான விடைக்கு 5, தப்புக்கு ஒன்று கழியும். அதிகபட்சம் ஐந்து பாடம் எடுக்கலாம். தமிழிலும் எழுதலாம். கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி., அதாவது சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நடத்துகிற பாடத்திட்டப்படி வரும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் இயற்பியலும் வேதியியலும் அதற்குச் சளைத்தவை அல்ல. வித்தியாசம் பழக்கத்தில்தான். புத்தகப் பின்பக்கக் கேள்வியையும் ஐந்து மார்க் விடையையும் மனப்பாடம் செய்து 95 சதவீதம் வாங்கிய பிள்ளை, ஒரு கேள்விக்கு 72 நொடிதான் என்றதும் தடுமாறும். டிசம்பரிலிருந்து வாரம் ஒரு மாதிரித் தேர்வு கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதினால் போதும், இதற்கென்று ஆயிரக்கணக்கில் கட்டிக் கோச்சிங் தேவையில்லை என்பது என் எண்ணம்.

இன்னொரு இடறல்: க்யூட் எழுதியதோடு வேலை முடியாது. மதிப்பெண் வந்த பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது தானாகப் போய்விடும் என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்திருந்த நல்ல மதிப்பெண்காரர்கள் உண்டு.

அடுத்தது இடஒதுக்கீடு. சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அண்ணாமலையில் தமிழ்நாட்டின் 69 சதவீதம்: பி.சி.க்கு 26.5, பி.சி. முஸ்லிமுக்கு 3.5, எம்.பி.சி.க்கு 20, எஸ்.சி.க்கு 18, எஸ்.டி.க்கு 1. காலாப்பட்டில் மத்திய அரசின் கணக்கு: ஓ.பி.சி. 27, எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பொதுப்பிரிவுக்கு 10. கடலூர் மாவட்டத்தில் எம்.பி.சி. குடும்பங்கள் நிறைய. சிதம்பரத்தில் தனக்கென்று 20 சதவீதம் வைத்திருக்கிற பிள்ளை, காலாப்பட்டில் இந்தியா முழுவதும் உள்ள ஓ.பி.சி.யோடு ஒரே வரிசையில் நிற்கும்.

அதைவிடப் பெரிது கிரீமி லேயர், அதாவது ஓ.பி.சி.யில் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு இல்லை என்கிற விதி. மாநில ஒதுக்கீட்டில் அப்பாவின் வருமானத்தைக் கேட்க மாட்டார்கள். மத்திய ஓ.பி.சி.க்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம், அதோடு பதவி நிலையும் பார்ப்பார்கள். நெய்வேலி என்.எல்.சி.யில் அதிகாரி நிலையில் இருப்பவர்களின் பிள்ளைகள் பலர் அங்கே பொதுப்பிரிவில்தான் போட்டி போட வேண்டிவரும். அதே பிள்ளைக்கு அண்ணாமலையில் பி.சி. இடம் அப்படியே இருக்கிறது.

தகுதி இருப்பவர்களுக்கும் சான்றிதழ் ஒரு தொல்லை. பள்ளியில் கொடுத்த நிரந்தர சாதி அட்டை காலாப்பட்டில் செல்லாது. மத்திய அரசு வேலை, கல்விக்கான ஓ.பி.சி. சான்றிதழ் என்று இ-சேவை மையத்தில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்; நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்பார்கள். கவுன்ட்டரில் இருக்கிற தம்பி வழக்கம்போல மாநிலச் சான்றிதழுக்கே பதிந்துவிடுவார். ரசீதை வாங்கியதும் எந்தச் சான்றிதழ் என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டிய காகிதம் அது. கலந்தாய்வுக்கு முதல் நாள் ஓடினால் நடக்காது.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு: சில படிப்புகளில் மட்டும் 25 சதவீத இடம் உள்ளூர் மாணவர்களுக்கு. எல்லாப் படிப்புக்கும் வேண்டும் என்று அங்கே ரொம்ப நாளாகப் போராட்டம் நடக்கிறது. கடலூரில் இருந்துகொண்டு "நாங்களும் பக்கத்து ஊர்தானே" என்று சொல்ல முடியாது. முள்ளோடைக்கு இந்தப் பக்கம் வீடு இருந்தால் நாம் வெளி மாநிலம்.

முள்ளோடை என்றதும் பஸ் நினைவுக்கு வருகிறது. "காலாப்பட்டு கிட்டக்கத்தானே, வீட்டிலிருந்தே போய்வரட்டும்" என்று சொல்லும் பெற்றோர் ஒருநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பிப் பார்க்க வேண்டும். தென்பெண்ணைப் பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி, முள்ளோடையில் புதுவை எல்லை, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம். இதுவரை ஓட்டம். அரியாங்குப்பம் தொட்டதும் ஊர்ந்துதான் போகும். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி மரக்காணம் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். முத்தியால்பேட்டை முடிந்து கோட்டக்குப்பம் வந்தால் மறுபடி தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் கடந்தால் மறுபடி புதுச்சேரி. ஒரே காலையில் மூன்று தடவை எல்லை தாண்டி, வகுப்புக்குள் நுழையும்போது இரண்டு மணி நேரம் போயிருக்கும். மாலையில் இன்னொரு இரண்டு. லேப் உள்ள நாட்களில் வீடு வந்து சேர இருட்டிவிடும். இப்படி நான்கு வருஷம் என்பது படிப்பைத் தின்றுவிடும். காலாப்பட்டு என்றால் விடுதி, இல்லையென்றால் வேண்டாம். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

சிதம்பரத்துக்கு ரயில் இருக்கிறது என்பது ஒரு வசதி. திருப்பாதிரிப்புலியூரில் ஏறினால் முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிறகு சிதம்பரம். ஸ்டேஷனுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்திலேயே பல்கலைக்கழகம். சீசன் டிக்கெட் எடுத்தால் செலவு பெரிதாகத் தெரியாது. ஆனால் நம் நேரத்துக்கு ஏற்ற வண்டி கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான்; தவறினால் பஸ். புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டைக்காரர்களுக்கு இது சுகம். கடலூர் நகரத்திலிருந்து போகலாம், ஆனால் அங்கும் விடுதி மேல். ஆரம்பத்திலிருந்தே உறைவிடப் பல்கலைக்கழகமாக வளர்ந்த இடம் அது, பரந்த வளாகம், விடுதி வாழ்க்கை அந்த ஊரின் இயல்பு. மழைக்காலத்தையும் மறக்க வேண்டாம். செமஸ்டர் தேர்வு நவம்பர், டிசம்பரில்தான் வரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்து தென்பெண்ணை பெருகியபோது இந்தச் சாலைகளின் கதி நமக்குத் தெரியும்.

விடுதி என்றதும் அண்ணாமலையைப் பற்றி வயதானவர்கள் ராகிங் பேச்சை எடுப்பார்கள். 1996இல் அங்கே மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டது உண்மை. அதன் விளைவாகத்தான் 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. அந்த மருத்துவக் கல்லூரி இப்போது கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியாக சுகாதாரத் துறையின் கீழ் இருக்கிறது. அன்றைய அச்சத்தை வைத்து இன்றைக்கு முடிவெடுப்பது நியாயமில்லை. அதற்குப் பதில் விடுதிக் காப்பாளரை நேரில் பார்த்து, முதலாமாண்டு மாணவர்களுக்குத் தனி பிளாக் உண்டா என்று கேட்டுவிட்டு வாருங்கள். காலாப்பட்டிலும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

எத்தனை வருஷம் என்பதில் குழப்பம் அதிகம். காலாப்பட்டில் தேசியக் கல்விக் கொள்கைப்படி நான்காண்டு இளங்கலை. மூன்றாம் ஆண்டு முடிவில் சாதாரணப் பட்டத்தோடு வெளியே வரலாம்; நான்கும் முடித்தால் ஆனர்ஸ். ஆனர்ஸ் முடித்தவர் ஓராண்டு முதுகலையாக முடிக்கலாம் என்பது அந்தக் கொள்கையின் ஏற்பாடு. நான்காண்டில் 75 சதவீதம் எடுத்தால் முதுகலை இல்லாமலே பிஎச்.டி.க்கு முயலலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதி சொல்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. இங்கே இளங்கலை மூன்றாண்டு, முதுகலை இரண்டாண்டுதான். அண்ணாமலையில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலையும் உண்டு: பிளஸ் டூ முடித்ததும் ஒரே சேர்க்கையில் எம்.எஸ்சி. வரை. பெண் பிள்ளை பட்டம் முடித்ததும் "போதும்" என்று நிறுத்திவிடுகிற வீடுகளில் இந்த ஐந்தாண்டு ஏற்பாடு சத்தமில்லாமல் ஒரு முதுகலையை வாங்கிக் கொடுத்துவிடும். அதற்காகவே நான் சில வீடுகளில் இதைச் சொல்வதுண்டு.

தமிழ்நாடு அரசு வேலைதான் குறி என்றால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். இரண்டு பட்டமும் டி.என்.பி.எஸ்.சி.க்குச் செல்லும், அதில் ஐயமில்லை. ஆனால் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறதே, அதற்கு 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பிலிருந்து அந்தப் பதவிக்கான கல்வித் தகுதி வரை எல்லாம் தமிழ்வழியில் இருக்க வேண்டும். குரூப் 1, குரூப் 2 என்றால் பட்டமும் தமிழ்வழி. ஒன்றாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பிள்ளை, இந்த இரண்டு வளாகங்களில் எதில் ஆங்கிலவழியில் பட்டம் படித்தாலும் அந்த 20 சதவீதத்தைக் கைவிடுகிறது. தேவனாம்பட்டினம் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழியில் படித்தால் அது கையில் நிற்கும். 2021 முதல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலையோடுதான் இணைந்திருக்கின்றன. ஆகவே பெரியார் காலேஜில் படித்தாலும் பட்டத்தில் இருக்கப்போவது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரே. வேலைத் தேர்வுக்குத் தயாராகிற பிள்ளைக்கு, வீட்டுச் சாப்பாட்டோடு இது பல நேரம் இரண்டு வளாகத்தையும்விட மேலான வழி. பெயர் கெத்தாக இல்லை என்பதற்காக இதைத் தள்ளுகிறார்கள்.

காசைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இரண்டிலும் கல்விக் கட்டணத்தைவிட விடுதி, மெஸ் செலவுதான் வீட்டைக் கடிக்கும், அதை நான்கு அல்லது ஐந்து வருஷத்தால் பெருக்கிப் பாருங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் தமிழ்நாட்டுக் கல்வி நிலையங்களில் படிப்போரை மனதில் வைத்து வந்தவை. சிதம்பரத்தின் பக்கம் அந்தக் காசையும் கூட்டிக்கொள்ளலாம்.

என்னிடம் கேட்டால், இயற்பியல், புள்ளியியல், பொருளாதாரம் போன்ற பாடத்தில் உண்மையான ஆர்வம், தமிழ்நாட்டுக்கு வெளியே மேற்படிப்புக்குப் போகிற எண்ணம், விடுதியில் இடம், இந்த மூன்றும் இருந்தால் காலாப்பட்டு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் சிதம்பரம். பாடத்தில் ஆர்வமே இல்லாமல் சென்ட்ரல் என்ற பெயருக்காகக் கிடைத்த துறையில் சேர்வதை நான் எந்த வீட்டுக்கும் சொல்ல மாட்டேன். கணக்கு பிடிக்காத பிள்ளையைப் புள்ளியியலில் தள்ளினால் இரண்டாம் ஆண்டில் அரியரோடுதான் வீடு திரும்பும்.

எதைத் தேர்ந்தாலும், சேர்வதற்கு முன் அந்தத் துறைக்கே போய் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடம் பேசுங்கள். அலுவலகத்தில் கேட்க வேண்டாம். போன செமஸ்டரில் எத்தனை பேப்பரைக் கெஸ்ட் லெக்சரர் எடுத்தார், ஆய்வகத்தில் கருவியைக் கையால் தொட்டீர்களா இல்லை ரெக்கார்டு மட்டும் எழுதினீர்களா, ரிசல்ட் எத்தனை மாதத்தில் வந்தது, இந்த மூன்றையும் கேளுங்கள். கேன்டீனில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் மீதியை அவர்களே சொல்வார்கள்.

நடைமுறையில் அண்ணாமலையின் சேர்க்கை முன்னே வந்துவிடும், க்யூட் முடிவும் காலாப்பட்டுப் பட்டியலும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் பயந்து ஒன்றை விட வேண்டாம். முதலில் அண்ணாமலையில் பணம் கட்டிச் சேர்ந்துவிடுங்கள். பிறகு காலாப்பட்டு கிடைத்தால் விலகிக்கொள்ளலாம். அசல் சான்றிதழ்களை நிறுவனம் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இலேயே அறிவித்திருக்கிறது. 2024-25 கல்வியாண்டுக்கு செப்டம்பர் 30க்குள் விலகினால் கட்டிய பணம் முழுவதும், அக்டோபர் 31க்குள் என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்தம் போக மீதி என்று விதி இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் புதுத் தேதி போடுவார்கள். விலகல் கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் சீல், தேதி வாங்குங்கள். டி.சி.யை ஒப்படைக்கும் முன் நான்கைந்து செராக்ஸ் எடுத்துச் சான்றொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காலாப்பட்டில் முதல் நாளே கேட்பார்கள்.